கசிவு ஒன்று, கணக்கு இரண்டு: எரிவாயு ஆலையில் பாதுகாப்பும் நிலைத்தன்மையும்

கேள்வி:

இயற்கை எரிவாயுவைச் சுத்திகரித்துக் குழாய்வழி அனுப்பும் ஆலை ஒன்றில் ஆறு ஆண்டுகளாகப் பாதுகாப்பு அலுவலராகப் பணியாற்றுகிறேன். பணியிடப் பாதுகாப்பையும், உமிழ்வைக் குறைத்துச் சுற்றுச்சூழலைக் காக்கும் நிலைத்தன்மையையும் இனி ஒரே அறிக்கையில் இணைத்து வெளியிடுவது என்று நிர்வாகம் முடிவு செய்து, அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறது. 'காயத்தால் ஒரு வேலைநாள்கூட இழக்காத 1,000 நாட்கள்' என்ற வாசகம் முதல் பக்கத்தில் இடம்பெற வேண்டும் என்கிறார் மேலாளர். ஆனால், பராமரிப்புப் பணிகள் பல தள்ளிப்போடப்படுகின்றன. மீத்தேன் குறைப்புத் திட்டத்துக்கு மட்டும் பணம் எளிதாகக் கிடைக்கிறது. சுற்றுச்சூழல் பிரிவினரும் நாங்களும் பேசிக்கொள்வதே அரிது. சென்ற மாதம், வாயுவை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசர் இயந்திரக் கொட்டகையில் கசிவு இருப்பதைச் சொன்ன ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர் அதற்குப் பிறகு வேலைக்கு அழைக்கப்படவில்லை. இந்த இணைப்பு வெறும் காகித வேலைதானா? உண்மையாகச் செய்வதானால் எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம். முதல் பக்க வாசகம், பராமரிப்புக்குக் கிடைக்காத பணம், வேலை இழந்த தொழிலாளர் ஆகிய மூன்றையும் தனித்தனிச் செய்திகளாக எழுதியிருக்கிறீர்கள். கசிவு, தீ, வெடிப்பு போன்ற பெருவிபத்துகளைத் தடுக்கும் செயல்முறைப் பாதுகாப்புப் பொறியாளராக நெடுங்காலம் பணியாற்றிய எனக்கு இவை மூன்றும் ஒரே பிரச்சினையாகவே தெரிகின்றன. உங்கள் கடிதத்தின் கனமான பகுதி அந்தத் தொழிலாளரைப் பற்றியது. அவரிடம் பிறகு வருகிறேன்.

அறிக்கையிலிருந்து தொடங்கினால் இந்த இணைப்பு காகித வேலையாகவே முடியும். உங்கள் ஆலையில் இணைப்பு ஏற்கெனவே இருக்கிறது. குழாய்க்குள் இருக்க வேண்டிய வாயு வெளியே வரும் ஒவ்வோர் இடத்திலும் இருக்கிறது. காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்த மீத்தேன் ஒரு சிறு தீப்பொறியில் பற்றிக்கொள்ளும். அருகில் நிற்பவருக்கு அது உயிராபத்து. பற்றாமல் கலைந்து மேலே போய்விட்டால் தப்பித்தோம் என்று மூச்சு விடுகிறோம். ஆனால் அதே மீத்தேன், 20 ஆண்டுக் கால அளவில் கணக்கிட்டால், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கும் மேலாகப் புவியைச் சூடாக்குகிறது. வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு கலந்திருந்தால் நிலைமை இன்னும் கொடியது: குறைந்த செறிவில் அழுகிய முட்டை நாற்றமாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும் அந்த வாயு, 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவை நெருங்கும்போது மூக்கை மரத்துப்போகச் செய்துவிடுவதால், நாற்றம் நின்றதைக் கசிவு நின்றதாக எண்ணிவிடும் ஆபத்து உண்டு. வெளிவந்த வாயு யாரையாவது தொட்டால் பாதுகாப்புப் பிரிவு எழுதுகிறது. யாரையும் தொடாமல் போனால் சுற்றுச்சூழல் பிரிவு எழுதுகிறது, அல்லது எவரும் எழுதுவதில்லை. எந்தப் பதிவேட்டில் ஏறுவது என்பதைப் பெரும்பாலும் அன்றைய காற்றின் திசையும் அங்கே ஆள் நின்ற நேரமுமே தீர்மானிக்கின்றன. காரணம் மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்: தேய்ந்த பாக்கிங் (அசையும் தண்டைச் சுற்றிய அடைப்பு), சரியாக இறுக்கப்படாத ஃப்ளாஞ்ச் (குழாய்களை இணைக்கும் விளிம்பு), உரிய காலத்தில் மாற்றப்படாத காஸ்கெட் (இணைப்பின் இடையிலுள்ள அடைப்புத் தகடு), அரிப்பால் மெலிந்த குழாய்ச்சுவர்.

என் பணிக்காலத்தின் தொடக்கத்தில் நடந்த ஒன்று இதை எனக்குக் கற்றுத் தந்தது. நான் வேலை பார்த்த ஓர் ஆலையில், ஒரு கம்ப்ரசரின் தண்டுப் பாக்கிங் வழியாக வாயு கசிந்துகொண்டிருந்தது. சுற்றுச்சூழல் பிரிவினர் அதை அளந்து, ஆண்டு உமிழ்வுக் கணக்கில் ஒரு சிறிய எண்ணாகச் சேர்த்துவிட்டார்கள். யாருக்கும் காயமில்லை என்பதால் பாதுகாப்புப் பிரிவில் இருந்த நாங்கள் அதைக் கவனிக்கவேயில்லை. சில மாதங்கள் கழித்துக் கொட்டகையின் காற்றோட்ட விசிறி பழுதாகி நின்ற ஒரு நாளில், தேங்கிய வாயு பற்றிக்கொண்டதில் இரண்டு பேருக்குத் தீக்காயம் ஏற்பட்டது. விசாரணைக்காகக் கோப்புகளைத் தேடியபோதுதான், அந்த இடத்தின் பெயர் அடுத்த அறை அலமாரியில், தேதியோடும் அளவோடும் மூன்று முறை எழுதப்பட்டிருந்ததைப் பார்த்தேன். நான் அந்த அலமாரியை அதுவரை திறந்ததில்லை. உங்கள் பிரிவும் சுற்றுச்சூழல் பிரிவும் பேசிக்கொள்வது அரிது என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்தவுடன் அந்த அலமாரிதான் நினைவுக்கு வந்தது.

தகவல் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகாததன் மிகக் கொடிய விலையை 1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை கொடுத்தது. ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வு பராமரிப்புக்காகக் கழற்றப்பட்டு, அந்த இடம் தற்காலிக மூடியால் அடைக்கப்பட்டிருந்தது. அந்தச் செய்தி இரவு ஷிஃப்ட்டுக்குச் சரியாக ஒப்படைக்கப்படவில்லை. மற்றொரு பம்ப் நின்றுபோகவே இதை இயக்கினார்கள். மூடி வழியே கசிந்த எரிபொருள் பற்றி வெடித்ததில் 167 பேர் இறந்தார்கள். லார்ட் கல்லன் தலைமையிலான விசாரணை 1990இல் அளித்த 106 பரிந்துரைகளும் பணி அனுமதிச் சீட்டு முதல் மேடையின் வடிவமைப்பு வரை எல்லாவற்றையும் மாற்றின. அன்று செய்தி இரண்டு ஷிஃப்ட்டுகளுக்கு இடையே தவறிப்போயிற்று. உங்கள் ஆலையில் அது இரண்டு பிரிவுகளுக்கு இடையே தவறிப்போகும் வாய்ப்பு இருக்கிறது.

பாதுகாப்பு, சுற்றுச்சூழல் என்ற இரண்டு கணக்குகளும் ஒரே இடத்தில் கூடுவதற்கு என் அறிவில் மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, எண்ணெய்த் தொட்டியின் மேல்மூடி. கிணற்றடியில் உள்ள தொட்டிகளில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று பார்க்க, தொழிலாளி ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, அளவுநாடாவை உள்ளே இறக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. திறந்த கணத்தில் உள்ளே அழுத்தத்தில் இருந்த வாயு முகத்துக்கு நேரே வெளியேறும்; அதில் உயிர்வாயு மிகக் குறைவு, எரியக்கூடிய ஹைட்ரோகார்பன் ஆவி மிக அதிகம். அமெரிக்காவில் 2010 முதல் 2014 வரை இவ்வாறு தொட்டியில் அளவு பார்க்கும்போதோ மாதிரி எடுக்கும்போதோ ஒன்பது தொழிலாளர்கள் இறந்ததை அந்நாட்டின் தொழில்நலத் துறையினர் 2016இல் வெளியிட்ட எச்சரிக்கை சுட்டிக்காட்டியது. மாரடைப்பு என்று எளிதில் முடிவு கட்டிவிடக்கூடிய மரணங்கள் இவை. மூடியைத் திறக்காமலே அளவு காட்டும் கருவியைப் பொருத்தினால் அந்த மனிதர் ஏணியில் ஏற வேண்டியதில்லை, ஆவியை மூச்சில் இழுக்க வேண்டியதில்லை, மீத்தேனும் வானுக்குப் போவதில்லை. அந்தக் கருவியை எந்தப் பிரிவின் செலவில் வாங்குவது என்று விவாதித்து ஆண்டுகளைக் கடத்துவது எனக்கு மிகுந்த வேதனை தரும் ஒன்று.

இனி, உங்கள் மேலாளரின் 1,000 நாட்கள். அந்த எண் பொய் என்று நான் சொல்லவில்லை. வழுக்கி விழாமல், கை நசுங்காமல், உயரத்திலிருந்து தவறாமல் மக்கள் வீடு திரும்பியிருக்கிறார்கள் என்பது மதிப்புள்ள செய்தி. ஆனால் குழாய்க்குள் இருப்பது குழாய்க்குள்ளேயே இருக்கிறதா என்பதைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் துரப்பண மேடையில், வேலைநாள் இழப்பில்லாத ஏழு ஆண்டுகளைப் பாராட்டும் முகமாக நிறுவன அதிகாரிகள் வந்திருந்தார்கள். கிணறு மூடப்பட்டுவிட்டதா என்று அறியும் அழுத்தச் சோதனையின் முடிவு அதே நாளில் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. அன்றிரவு கிணற்றிலிருந்து பீறிட்ட வாயு வெடித்ததில் 11 பேர் இறந்தார்கள். கிணறு 87 நாட்கள் கடலில் எண்ணெயைக் கொட்டியது. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2005 மார்ச் 23 அன்று, அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஒரு கோபுரம் அளவுக்கு மீறி நிரம்பியது. அதிலிருந்து வழிந்த திரவம், வேண்டாத வாயுவைப் பாதுகாப்பாக எரிக்கும் ஃப்ளேருடன் இணைக்கப்படாமல் நேரடியாக வானத்தை நோக்கித் திறந்திருந்த பழைய புகைபோக்கி வழியாகப் பீறிட்டு, ஆவிமேகமாகி வெடித்ததில் 15 பேர் இறந்தார்கள். அதை ஃப்ளேருடன் இணைக்கும் வாய்ப்புகள் முந்தைய ஆண்டுகளில் பலமுறை வந்தும் நழுவவிடப்பட்டன என்று விசாரணை கண்டது. வானுக்குத் திறந்திருந்த அந்தப் புகைபோக்கி ஒரே வேளையில் மாசுக் கேடாகவும் கொலைக் கருவியாகவும் இருந்ததை எண்ணிப் பாருங்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட, பேக்கர் தலைமையிலான ஆய்வுக் குழு, தனிநபர் காயங்களின் எண்ணிக்கை குறைந்திருந்ததையே செயல்முறைப் பாதுகாப்புக்குச் சான்றாக நிர்வாகம் தவறாக எடுத்துக்கொண்டது என்று 2007இல் எழுதியது.

இதற்கு மறுபக்கமாக இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எரிபொருள் கிடங்கைச் சொல்ல வேண்டும். 2005 டிசம்பர் 11 அன்று அங்கே அளவுமானி சிக்கிக்கொண்டதாலும், தனியாக இருந்த உயர்மட்ட நிறுத்துவிசை வேலை செய்யாததாலும் ஒரு பெட்ரோல் தொட்டி நிரம்பி வழிந்து, பெரும் வெடிப்பும் நாட்கணக்கில் நீடித்த தீயும் நேர்ந்தன. ஒருவரும் இறக்கவில்லை; அது ஞாயிறு காலை ஆறு மணி என்பதால் சுற்றியிருந்த அலுவலகங்கள் காலியாக இருந்தன. வேலைநாள் ஒன்றின் நடுப்பகலில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. தீயணைக்கப் பயன்பட்ட நுரையும் எரிபொருளும் நிலத்தடி நீரை மாசுபடுத்தின. உயிரிழப்பை மட்டுமே எண்ணும் பதிவேட்டில் பன்ஸ்ஃபீல்டுக்கு எதிரே சுழியம் இருக்கும்.

ஆகவே, அறிக்கையைச் சிறிது காலம் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரே ஒரு கசிவுப் பதிவேட்டைத் தொடங்குங்கள். காயம் உண்டா இல்லையா, உமிழ்வு வரம்பைத் தாண்டியதா இல்லையா என்ற கேள்விகளைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வெளியே வந்த ஒவ்வொன்றும் அதில் ஏற வேண்டும். எந்த உபகரணம், எந்த இணைப்பு, என்ன பொருள், ஏறத்தாழ எவ்வளவு, எவ்வளவு நேரம், அந்த நேரத்தில் அங்கே யார் இருந்தார்கள் அல்லது இருந்திருக்கக்கூடும், கடைசியாக எப்போது பழுது பார்க்கப்பட்டது, முதலில் கண்டவர் யார் என்பவை போதும். அகச்சிவப்புக் கேமராவோடு சுற்றுச்சூழல் பிரிவினர் மீத்தேன் தேடிப் போகும்போது உங்கள் பிரிவிலிருந்து ஒருவரும், அந்தப் பகுதியை இயக்கும் தொழிலாளி ஒருவரும் உடன் செல்லட்டும். கேமரா காட்டும் புகைப்படலத்தைப் பார்த்து அளவு கேட்பார் ஒருவர். அருகில் வெல்டிங் அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்பார் மற்றவர். இது மூன்றாவது முறை என்று சொல்வார் அந்தத் தொழிலாளி. இந்த மூன்றாவது வாக்கியம்தான் அலுவலக மேசையில் ஒருபோதும் கிடைக்காதது. மேலும், இன்னும் அடைக்கப்படாத கசிவுகளின் பட்டியலைப் பார்க்காமல் தீப்பொறி உண்டாக்கும் எந்த வேலைக்கும் அனுமதிச் சீட்டில் கையெழுத்திடக் கூடாது என்ற விதியைக் கொண்டுவர முயலுங்கள். அப்போதுதான் உமிழ்வுக் கணக்கு ஒரு மனிதரின் உயிரைக் காக்கும் தாளாக மாறும்.

பணத்தைப் பற்றி. மீத்தேன் திட்டத்துக்குப் பணம் வருகிறது, பராமரிப்புக்கு வரவில்லை என்றால், தள்ளிப்போடப்பட்ட பராமரிப்புப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வேலைக்கும் அருகே அது தடுக்கும் உமிழ்வை எழுதுங்கள். முழுமையாக மூடாமல் ஃப்ளேர் குழாய்க்குள் வாயுவை விட்டுக்கொண்டிருக்கும் பாதுகாப்பு வால்வு நாள் முழுதும் விற்கத்தக்க வாயுவை எரிக்கிறது. உரிய நேரத்தில் சரியாகத் திறக்குமா என்ற ஐயத்தையும் அதுவே எழுப்புகிறது. தேய்ந்த கம்ப்ரசர் பாக்கிங்கும், வாயு அழுத்தத்தால் இயங்கித் தொடர்ந்து வாயுவை வெளியேற்றும் பழைய கட்டுப்பாட்டுக் கருவிகளும் இதே வகைதான். ஆனால் இந்த வழியில் ஓர் எச்சரிக்கையை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். தீயணைப்பு நீர்ப் பம்பும், வாயு உணர்கருவியும், அவசர நிறுத்த வால்வும் அன்றாட உமிழ்வில் ஒரு கிலோவைக்கூடக் குறைத்துக் காட்டாமல் போகலாம். உமிழ்வைக் குறைக்கும் வேலைக்கு மட்டுமே பணம் என்ற பழக்கம் வேரூன்றிவிட்டால் இவை பட்டியலின் அடிக்குப் போய்விடும். இவற்றுக்கு உமிழ்வு நியாயம் தேடாதீர்கள். பெருவிபத்தைத் தடுக்கும் கடைசித் தடுப்புகள் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி, தனி நிதி கேளுங்கள். ஒரு பெருவிபத்து, பத்தாண்டுகள் பார்த்துப் பார்த்துக் குறைத்த உமிழ்வையெல்லாம் ஒரே வாரத்தில் வெளியே கொட்டிவிடக்கூடும் என்பதை நிர்வாகத்திடம் வெளிப்படையாகச் சொல்லலாம்.

பாதுகாப்பும் நிலைத்தன்மையும் எப்போதும் கைகோத்தே நடக்கும் என்று நம்பிவிடவும் கூடாது. அவை மோதும் இடங்கள் உண்டு. அவற்றை மறைக்கும் அறிக்கை ஆபத்தானது. தொட்டியின் ஆவியை வானுக்கு விடாமல் உறிஞ்சி மீட்கும் கருவி நல்லதுதான். ஆனால் அழுத்தக் கட்டுப்பாடு பழுதாகி அது அளவுக்கு மீறி இழுத்தால், வெளிக்காற்று தொட்டிக்குள் புகுந்து, அதுவரை எரிய முடியாத செறிவில் இருந்த ஆவி வெடிக்கும் கலவையாக மாறிவிடும். ஃப்ளேரில் எரிப்பதைக் குறைக்க வேண்டும் என்ற இலக்கு சரியானது. வழக்கமான எரிப்பை 2030க்குள் நிறுத்தும் முயற்சியை உலக வங்கி 2015இல் தொடங்கியது. ஆனால் அவசர நேரத்தில் அழுத்தத்தை இறக்க எரிப்பது வேறு. மாத இலக்கு கெட்டுவிடுமே என்று ஆலையை இயக்கும் தொழிலாளி ஒருவர் அழுத்தத்தை இறக்கும் வால்வைத் திறக்கத் தயங்கும் நிலையை உங்கள் அறிக்கை ஒருபோதும் உண்டாக்கக் கூடாது. இதை எழுத்தில் பிரித்தே வையுங்கள்: அவசர எரிப்புக்கு எந்த இலக்கும் இல்லை, எந்த விளக்கமும் அந்த நேரத்தில் கேட்கப்படாது. கரியமில வாயுவைப் பிடித்துக் குழாயில் அனுப்பும் திட்டங்கள் உங்கள் ஆலைக்கும் வரலாம். அந்த வாயு எரியாது. ஆனால் காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கி மூச்சடைக்கச் செய்யும். 2020 பிப்ரவரி 22 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சாட்டார்ஷியா என்ற சிற்றூர் அருகே இத்தகைய குழாய் உடைந்தபோது, 40க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. உயிர்வாயு இல்லாமல் வாகன இன்ஜின்கள்கூட நின்றுபோயின. ஆகவே, சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற பெயரில் வரும் மாற்றமும் மற்ற எந்த மாற்றத்தையும் போலவே அபாய ஆய்வையும் மாற்ற மேலாண்மை (எந்த மாற்றத்தையும் முன்கூட்டியே ஆராய்ந்து ஒப்புதல் தரும்) நடைமுறையையும் கடந்துதான் உள்ளே வர வேண்டும். விலக்கு கேட்டு வருபவரிடம் கனிவோடு மறுத்துவிடுங்கள்.

மனிதரின் உடலை அறிக்கையின் ஓரத்தில் வைத்துவிடாதீர்கள். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். அதன் தாக்கம் காயப் பதிவேட்டில் வராது, பல ஆண்டுகள் கழித்தே தெரியும். வெப்பம் கூடிவரும் கோடைகளில், தீக்காப்பு உடை அணிந்து திறந்தவெளியில் உழைப்பவரே பருவநிலை மாற்றத்தை முதலில் தாங்குகிறார். பாதுகாப்பான, நலமான பணிச்சூழலை உழைப்போரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2022 ஜூனில் சேர்த்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களின் வேலைநேரமும் காயங்களும் உங்கள் எண்களில் முழுமையாகச் சேர்ந்திருக்கின்றனவா என்று ஒருமுறை சரிபாருங்கள். 1,000 நாட்கள் யாருடைய நாட்கள் என்பது அப்போது தெளிவாகும்.

முதல் பக்கத்தைப் பொறுத்தவரை மேலாளரோடு மோத வேண்டாம். அவருடைய எண்ணுக்கு அருகில் வேறு சில எண்களையும் வைக்கக் கேளுங்கள். வாயுவோ திரவமோ கட்டுப்பாட்டை மீறி வெளியேறிய சம்பவங்கள் எத்தனை, அளவு வாரியாக எவ்வளவு. கண்டறிந்த கசிவை அடைக்க ஆன சராசரி நாட்கள் எத்தனை. கெடு தாண்டிய பாதுகாப்புக் கருவிச் சோதனைகள் எத்தனை. இரண்டாம் முறை கசிந்த இணைப்புகள் எத்தனை. செயல்முறைப் பாதுகாப்புச் சம்பவங்களை நான்கு அடுக்காகப் பிரிக்கும் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் 754ஆம் நடைமுறை உங்களுக்கு அளவுகோலாக உதவும். எண்ணெய், எரிவாயுத் துறைக்கென நிலைத்தன்மை அறிக்கைகளுக்குத் தரநிலைகள் வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஜிஆர்ஐ 2021இல் வெளியிட்ட 11ஆம் தரநிலை, ஆலையின் கட்டுறுதியையும் பெருவிபத்து மேலாண்மையையும் நிலைத்தன்மை அறிக்கையின் உரிய பொருளாகவே வைத்திருக்கிறது. இது உங்கள் சொந்த விருப்பமன்று என்று காட்ட அதை மேசையில் எடுத்து வையுங்கள். கசிவுப் பதிவேடு தொடங்கிய முதல் ஆண்டில் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். அதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஏறிய எண்ணைக் கண்டு அஞ்சி, பதிவதையே நிறுத்தச் சொல்வார்கள்.

கடைசியாக, அந்தத் தொழிலாளர். கம்ப்ரசர் கொட்டகையில் கசிவு இருக்கிறது என்று அவர் சொன்னார். பிறகு அவர் அழைக்கப்படவில்லை. இதைப் பணியாளர் பிரிவின் விவகாரம் என்று விட்டுவிடாதீர்கள். அவரோடு அன்று வேலை செய்த அத்தனை பேரும் அவர் காணாமற்போனதைக் கவனித்திருப்பார்கள். அடுத்த கசிவைக் காணும் கண்கள் அவர்களுடையவை. இதை அப்படியே விட்டால், நீங்கள் தொடங்கப்போகும் பதிவேட்டில் அவர்கள் ஒரு வரிகூடச் சேர்க்க மாட்டார்கள். எனவே இந்த வாரமே ஒப்பந்தக்காரரிடமும் உங்கள் மேலாளரிடமும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கசிவைச் சொன்னதே காரணம் என்றால், அவரைத் திரும்ப அழைப்பதையும், இழந்த நாட்களின் கூலியைக் கொடுப்பதையும் கோரிக்கையாக வையுங்கள். கசிவைத் தெரிவித்தவரின் வேலை எந்த ஒப்பந்தக்காரராலும் பறிக்கப்படலாகாது என்ற விதியை ஒப்பந்தப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். அதே நாளில் அந்தக் கொட்டகைக்கு அளவுகருவியோடு நீங்களே சென்று, அவர் காட்டிய இணைப்பைச் சோதியுங்கள். பதிவேட்டின் முதல் வரியில் அந்தக் கசிவும், அவர் சொன்ன தேதியும் இருக்கட்டும். முதலில் கண்டவர் என்ற இடத்தில், அவர் சம்மதித்தால், அவருடைய பெயரை எழுதுங்கள்.